லேம்ஸ் ராக்கிலிருந்து டால்பின் நோஸ் வரை: கேத்தரின் அருவியை முழுசாகப் பார்க்க ஒரு காலை நடை

எங்கள் வீட்டுக்குத் தென்காசியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், பையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வரும்: "இங்க அருவி எங்க இருக்கு, குளிக்கலாமா?" குற்றாலச் சாரலில் வளர்ந்தவர்களுக்கு அருவி என்றால் தலையைக் கொடுத்து நிற்கும் இடம். குன்னூரில் வாழ்க்கைப்பட்டு, இங்கேயே பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை பார்க்கும் நான் அவர்களுக்குக் காட்டுவது வேறு மாதிரி அருவி. இதில் குளிக்க முடியாது, தொட முடியாது. ஆனால் உச்சியில் கிளம்புவதிலிருந்து அடியில் மரங்களுக்குள் மறைவது வரை, ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்கலாம். அதற்குப் போகும் வழியும் அருவிக்குச் சமமாக அழகானது. பெரும்பாலானவர்கள் அந்த வழியைக் கார் கண்ணாடிக்குள்ளிருந்தே கடந்துவிடுகிறார்கள். அதை மாற்றத்தான் இந்தக் குறிப்பு.

வழி இதுதான். குன்னூரிலிருந்து 8 கிலோமீட்டர் வாக்கில் லேம்ஸ் ராக். அங்கே காட்டுக்குள் ஒரு சின்ன ஒற்றையடி நடை. திரும்பச் சாலைக்கு வந்து, தேயிலைத் தோட்டமும் காடும் மாறி மாறி வரும் சாலையில் ஏறக்குறைய 3-4 கிலோமீட்டர். முடிவில் டால்பின் நோஸ் பாறை. அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேத்தரின் அருவி. நின்று, உட்கார்ந்து, பறவை பார்த்துக்கொண்டு போனால்கூட மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மலையேற்றம் என்று சொல்லும்படி செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கும். முட்டி வலி உள்ள என் அத்தை, அதாவது என் மாமியார், சாலைப் பகுதியை மட்டும் ஆட்டோவில் விட்டுவிட்டு மற்ற இரண்டு இடத்திலும் ஊன்றுகோலோடு நடந்தார்.

எப்போது போவது

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறையில் வந்து, எதிர் மலையில் வெள்ளைக் கோடு போல ஒன்றைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று திரும்புகிறார்கள். அருவி மேல் தப்பில்லை, மாதம்தான் தப்பு.

குற்றாலத்துக்குச் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே வந்து அங்கே சாரல் போடும். நீலகிரியில் அந்தக் காற்றின் பெருமழையை மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்ளும். கூடலூர், அவலாஞ்சி எல்லாம் அப்போது நனைந்து ஊறும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருக்கின்றன. எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான். அதனால் கேத்தரின் அருவி நிறைந்து விழுவது தீபாவளியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை. ஜனவரியிலும் ஓரளவு தண்ணீர் இருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரையிலான நாட்கள்தான் முதல் தரம்.

இன்னொன்றும் பாருங்கள். அருவிக்கு மேலே நீர் வரும் பகுதியில் இன்று பெரும்பாலும் தேயிலையும் ஊர்களும்தான். பழைய சோலைக்காடாக இருந்தால் மரத்தடி இலைமக்கு மழையைப் பிடித்து வைத்து வாரக்கணக்கில் கசிய விடும். தேயிலைச் சரிவில் மழை சீக்கிரம் ஓடிவிடும். அதனால் நல்ல மழை பெய்து, வெயில் வந்த இரண்டாம் மூன்றாம் நாள் போனால்தான் அருவியை அதன் முழு உருவத்தில் பார்க்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே கிளம்பாதீர்கள். மூடுபனியில் எதுவும் தெரியாது என்பது ஒருபுறம், மண்சரிவு பெரிய ஆபத்து. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. கனமழை எச்சரிக்கை என்று கலெக்டர் ஆபீஸ் அறிவித்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அருவி எங்கும் போய்விடாது.

நேரம் என்றால், காலை. கேட் திறந்து சீட்டு கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்கே லேம்ஸ் ராக்கில் நிற்பது போலக் கிளம்புங்கள். காலையில் பள்ளத்தாக்கின் காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற, சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவைத் தடவிக்கொண்டு மேலே வரும். வரும் வழியிலேயே குளிர்ந்து மூட்டமாகிவிடும். பதினொரு மணி வாக்கில் கீழே பள்ளத்தில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு தெரியும். அது பெருகி அரை மணி நேரத்தில் அருவி, எதிர் மலை, பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாரையும் மூடிவிடும் நாட்கள் உண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வெறும் மூடுபனி கிடைக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்து அன்றைக்கே இதையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் ரயில் குன்னூர் சேரும்போதே பத்தரை ஆகிவிடும். ரயில் ஒரு நாள், இந்த நடை மறுநாள் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு குன்னூரில் தங்கினால் போதும், ஊட்டி வரை போகத் தேவையில்லை.

போவதற்கு முன்

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இது கட்டாயம். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்த வேலை இல்லை. தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுக்கத் தடை. செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து டால்பின் நோஸுக்கு அரசு பஸ் உண்டு. நாளைக்குச் சில தடவைதான். நேரத்தை முதல் நாளே டைம் கீப்பரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லேம்ஸ் ராக்கில் இறக்கிவிடச் சொன்னால் இறக்கிவிடுவார்கள். ஆட்டோ, டாக்ஸி என்றால் ஒன்று கவனியுங்கள். டிரைவர்கள் எல்லாரும் லேம்ஸ் ராக், டால்பின் நோஸ், சிம்ஸ் பார்க் என்று ஒரு பேக்கேஜ் சொல்வார்கள். "லேம்ஸ் ராக்கில் இறக்கிவிடுங்கள், இரண்டரை மணி நேரம் கழித்து டால்பின் நோஸில் வந்து ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று தெளிவாகப் பேசி, காத்திருக்கும் பணத்தையும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நடந்தா வரப் போகிறீர்கள் என்று ஆச்சரியப்படுவார்கள், ஆனால் ஒத்துக்கொள்வார்கள்.

காலுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ. செருப்பு வேண்டாம். லெதர் ஷூவும் வேண்டாம், ஈரப் பாறையில் வழுக்கும். டிசம்பர், ஜனவரி காலையில் ஸ்வெட்டர் போட்டே கிளம்பவேண்டி வரும். அரை மணி நடந்ததும் கழற்றிவிடுவீர்கள் என்பதால் தோள்பையில் இடம் வையுங்கள். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுங்கள். இந்த நடைக்கு அதைவிட உபயோகமான பொருள் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டாவது வாங்கி வாருங்கள். கழிவறைத் தேவையைக் குன்னூரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது, பெண்களும் வயதானவர்களும் குறிப்பாக.

லேம்ஸ் ராக்: காட்டு நடை

கேட்டைத் தாண்டியதும் பாதை மரங்களுக்குள் நுழைந்துவிடும். மெதுவான ஏற்றம், நடு நடுவே படிகள். வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் பாறை வந்துவிடும். நான் கூட்டிப் போகிறவர்களை இருபது நிமிடத்துக்குக் குறையாமல்தான் நடத்துவேன். இது காடு. இதன் வேகத்துக்கு நாம் இறங்க வேண்டும்.

முதல் திருப்பத்தில் நின்று மரத்தைத் தொட்டுப் பாருங்கள். அடிமரம் முழுக்கப் பாசி. விரலை வைத்தால் அரை விரல்கடை உள்ளே போகும், எடுத்தால் நுனியில் நீர் நிற்கும். மழை பெய்து நாலு நாள் ஆன பிறகும் அந்த ஈரம் அங்கேயே இருக்கும். பாசிக்கு மேல் சின்னப் பெரணிகள், அவற்றுக்கு நடுவில் ஆர்க்கிட் கிழங்குகள் பச்சைப் பட்டாணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு கிளையில் இத்தனை உயிர்களும் குடியிருக்கின்றன. பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் வைக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கீழே சமவெளி வெப்பத்தில் அது ஒரு மாதம்கூடத் தாங்காது, இங்கே அந்தக் கிளை மொட்டையாகி நிற்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் அருவியில் தண்ணீர் குறைவு. ஆனால் சோலை மரங்கள் தளிர் விடும் காலம் அது. தளிர்கள் செம்பு நிறத்தில், சிவப்பில், இளம் ஊதாவில் இருக்கும். தூரத்திலிருந்து பூத்திருக்கிறது என்றே தோன்றும். அருவி பார்க்க வர முடியாதவர்கள் இதைப் பார்க்கவாவது வரலாம்.

காதையும் திறந்து வையுங்கள். காலை வேளையில் ஆள் சீட்டி அடிப்பது போல, ராகம் பாதியில் மாறி மாறி ஓடும் ஒரு குரல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கருநீலத்தில், தோளில் பளிச்சென்ற நீலத்தோடு, ஓடை பக்கத்து நிழலில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் எளிது. மேலே கிளைகள் பலமாக ஆடினால் மலை அணிலாக இருக்கலாம். பிள்ளைகளிடம் "யார் முதலில் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டால் போதும், பாதி வழி சத்தமில்லாமல் வருவார்கள். வகுப்பில் கற்றுக்கொண்ட வித்தை இது. இங்கே இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

பாதையின் இடையிடையே காடு விலகி ஓரத்தில் பள்ளம் தெரியும் இடங்கள் வரும். கம்பி வேலி இருக்கிற இடத்தில் வேலிக்கு உள்ளேயே நில்லுங்கள். கடைசியில் வரும் பாறைதான் லேம்ஸ் ராக். இந்தப் பாதையைப் போட்ட கேப்டன் லாம்ப் என்ற ஆங்கிலேயரின் பெயரில் அழைக்கப்படுகிறது. பாறைக்குக் கீழே பல நூறு அடி நேர் சரிவு. அடியில் குன்னூர் ஆறு. எதிரே பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தனித்து நிற்கும் மலைதான் ட்ரூக். பக்காசுரன் மலை என்றும் சொல்வார்கள். உச்சியில் திப்பு சுல்தான் காலத்தில் பயன்பட்ட கோட்டையின் சிதைவு இருக்கிறது. அதற்கும் அப்பால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்ச் சமவெளி. நல்ல தெளிவான நாளில் வயல் வரப்புகூடத் தெரியும். கோடையில் எல்லாம் புழுதி மங்கலில் கரைந்து நிற்கும்.

பாறை சார்னகைட் என்ற பழைய, கெட்டியான பாறை வகை. காய்ந்திருந்தால் காலைக் கெட்டியாகப் பிடிக்கும், ஈரமானால் மேலே படர்ந்த பாசியில் சறுக்கிவிடும். விளிம்பில் செல்ஃபி எடுக்கவே எடுக்காதீர்கள். பிள்ளைகளின் கையைப் பாறைக்கு வரும் முன்னாலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பிடிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

இறங்கும்போது முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. நேராக இறங்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து, ஊன்றுகோலை அதே படியில் ஊன்றி இறங்கினால் முட்டியில் பாரம் குறையும். அத்தைக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது. காட்டுப் படிகளில் அதுதான் கைகொடுத்தது.

சாலை நடை, காட்டெருமைகள்

மறுபடி சாலைக்கு வந்து டால்பின் நோஸ் பக்கம் திரும்புங்கள். இங்கிருந்து போக்குவரத்து உண்டு என்பதால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். காலையில் சீக்கிரம் போனால் வண்டிகள் குறைவு. பத்து மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கிவிடும். சனி, ஞாயிறு இந்தச் சாலையில் நடக்கவே வேண்டாம் என்பேன்.

இருபுறமும் தேயிலை. நடுவில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி. கொழுந்து பறிக்கும் அக்காக்கள் காலையிலேயே வரிசை பிடித்திருப்பார்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை செய்யும் கையை நிறுத்தி நமக்காகச் சிரிக்கச் சொல்வது நன்றாக இல்லை. அவர்களுக்குக் கூலி எடைக் கணக்கோடு சேர்ந்தது. ஆனால் அவர்களிடம் கட்டாயம் ஒன்று கேளுங்கள்: "அக்கா, இன்னைக்கு காட்டெருமை எந்தப் பக்கம் நிக்குது?" இந்தச் சாலையில் அதைவிட நம்பகமான தகவல் எங்கும் கிடைக்காது.

குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை இப்போது அன்றாடக் காட்சி. பெரிய காளை ஒரு டன் எடை இருக்கும். தேயிலைக்கு நடுவே முதுகு மட்டும் கருப்பாகத் தெரியும், பாறை என்றே நினைப்பீர்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருப்பதைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். சாதுவாகத்தான் நிற்கும். அதற்காகப் பக்கத்தில் போய்விடக் கூடாது. இங்கே ஆட்கள் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள்.

சாலையில் நின்றால் நீங்கள் நிற்க வேண்டும். குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி, அது போகும் வரை. பத்து நிமிடம் ஆகலாம், அரை மணி ஆகலாம். கத்தவோ கல்லெறியவோ கூடாது. கூட்டமாக இருந்தால் குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய்விடாதீர்கள். தனியாக நிற்கும் காளையிடம் இன்னும் கூடுதல் தூரம் வையுங்கள். அது தலையை உயர்த்தி உங்களையே பார்த்து, மூக்கில் "புஸ்" என்று சத்தம் விட்டால், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். வளைவுகளில் காதில் இயர்போன் இருக்கக் கூடாது. இதெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தினமும் கடைப்பிடிக்கும் வழக்கம்தான்.

கரடியும் உண்டு, சிறுத்தையும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் இருட்டின நேரத்துக்காரர்கள். பழம் தேடியோ, எதையாவது பார்க்கவோ உண்ணிச்செடிப் புதர்களுக்குள் போகாதீர்கள். மாலை நாலரைக்கு மேல் இந்தச் சாலையில் நடக்காதீர்கள்.

வழியில் லேடி கேனிங் சீட் என்ற இடம் வரும். வைஸ்ராய் கேனிங் பிரபுவின் மனைவி சார்லட் கேனிங் 1858-இல் நீலகிரிக்கு வந்து தங்கியவர், நன்றாக ஓவியம் வரைபவர். இன்று அங்கே பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கு திறக்கும் இடம், மூச்சு வாங்கிக்கொள்ள நல்ல இடம். தண்ணீர் குடியுங்கள், மேலே நடங்கள்.

டால்பின் நோஸ்: அருவியைப் பார்க்கும் முறை

சாலை முடியும் இடத்தில் வண்டி நிறுத்தம், கடைகள், குரங்குகள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். பை கையில் தொங்கினாலே தின்பண்டம் என்று குரங்குகள் நினைத்துவிடும். எல்லாவற்றையும் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கையில் பிஸ்கட் இருக்கக் கூடாது. வேகவைத்த சோளம், மாங்காய்ப் பத்தை, கேரட் எல்லாம் பார்த்து முடித்த பிறகு.

சீட்டு வாங்கிக்கொண்டு சில நிமிடம் இறங்கினால் காட்சிமுனை. கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்தப் பாறை மூக்கு பள்ளத்தாக்குக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் இருபுறமும் மறைப்பு இல்லை. முன்னால் சமவெளி. இடப்பக்கம் எதிரில் கோத்தகிரி மலை. அந்தச் சரிவில்தான் அருவி.

அத்தை முதலில் பார்த்ததும் சொன்னது: "ஏளா, இம்புட்டுத் தூரத்துல வச்சுப் பாக்கதுக்கா கூட்டிட்டு வந்த?"

நான் பதில் சொல்லவில்லை. பைனாகுலரைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். உடனே போன் எடுக்காதீர்கள். போன் படத்தில் அது வெறும் வெள்ளைக் கீறலாகத்தான் வரும். முதலில் வெறும் கண்ணால் மலையின் மேல் விளிம்பைப் பிடியுங்கள். தேயிலையின் வெளிர்பச்சை முடிந்து காட்டின் கரும்பச்சை தொடங்கும் கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் நீர் வெளியே வருகிறது. அங்கிருந்து கண்ணை மெதுவாகக் கீழே இறக்குங்கள். முதல் விழுகை, ஒரு படியில் மோதல், அங்கிருந்து இரண்டாம் விழுகை. கேத்தரின் இரண்டு அடுக்கு அருவி, மொத்த உயரம் ஏறக்குறைய 250 அடி. நீலகிரியின் உயரமான அருவிகளில் இரண்டாவது இடம் இதற்குச் சொல்வார்கள். இப்போது பைனாகுலரை வைத்தால், நேராக விழுவதாக நினைத்த நீர் உண்மையில் தவணை தவணையாக இறங்குவது தெரியும். ஒரு வெண்திரள் கிளம்பும், பாதியில் விரியும், காற்று அடித்தால் ஒரு பக்கமாக ஒதுங்கும், அடுத்தது அதன் மேல் வந்து சேரும். ஒரு திரளை மட்டும் பிடித்து அடி வரை கண்ணால் கூடவே போங்கள். தூரம் அதிகம் என்பதால் மெதுவாக இறங்குவது போலவே தோன்றும். சத்தமும் எதிர்பார்க்காதீர்கள். நடுவில் ஒரு முழுப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

அடியில் விழுந்த நீர் கல்லாறாகக் காட்டுக்குள் மறைந்து, மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கிப் பவானியில் சேர்கிறது. பவானித் தண்ணீர் குடிக்கும் ஊர்க்காரர்கள் வந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் ஒரு பங்கு இப்படி விழுந்துதான் வருகிறது என்று தெரிந்து பார்ப்பது வேறு.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையே சொன்னார்: "குத்தாலத்துல இப்படி முழுசாப் பாத்ததே இல்ல பாத்துக்க. எப்பவும் அடில நின்னு, கண்ண மூடிட்டுல்லா நிப்போம்." பிறகு பைனாகுலரை யாரிடமும் கொடுக்கவே இல்லை.

அருவிக்கே போகலாமே என்று கேட்பவர்களுக்கு

போகலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வந்து அரவேணுவில் பிரிந்தால், கோத்தகிரியிலிருந்து 7 கிலோமீட்டர் வாக்கில் அருவியின் தலைப்பகுதிக்கே சாலை போகிறது. சேலம் கலெக்டராக இருந்து, இந்த மலைகளில் காப்பித் தோட்டம் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் எம்.டி. காக்பர்னின் மனைவி பெயர்தான் அருவிக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போனால் நீங்கள் நிற்பது அருவியின் தலையில். நீர் பாறை விளிம்பைத் தாண்டி மறைவதுதான் தெரியும், விழுவது தெரியாது. வழுக்குப் பாறையில் இறங்கி எட்டிப் பார்க்கப் போனவர்கள் திரும்பாத சம்பவங்கள் உண்டு. மேலே வெயில் அடிக்கும்போதே ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை திடீரென்று வந்துவிடும். பார்க்க வேண்டுமானால் டால்பின் நோஸ்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழைக்காலத்தில் அட்டை

அக்டோபர், நவம்பரில் லேம்ஸ் ராக் பாதையில் அட்டை இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகி, சாக்ஸ் மேல் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்துக்கொண்டால் போதும். சாக்ஸ் மேல் ஏறும் அட்டையை அதால் ஒற்றினால் விழுந்துவிடும். தோலில் கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கமாக வழித்துத் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அட்டையின் உமிழ்நீர் உறையவிடாது என்பதால். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் சரியாகிவிடும். நிற்கும்போதுதான் அதிகம் ஏறும் என்பதால் ஈர இலைகள் மேல் நிற்காமல் பாறையிலோ படியிலோ நில்லுங்கள்.

திரும்பும்போது

சுமந்து வந்த குப்பையைச் சுமந்தே போங்கள். ஆரஞ்சுத் தோலும் அதில் சேர்த்திதான். பழத்தோல் மக்கிவிடும் என்று காட்டில் எறிந்தால் குரங்கும் கரடியும் மனிதத் தீனிக்குப் பழகி, பிறகு தோட்டத்து வீடுகளின் கதவைத் தட்டும். அங்கே குடியிருப்பவர்கள்தான் அந்தக் கஷ்டத்தை அனுபவிக்கிறார்கள்.

டால்பின் நோஸிலிருந்து திரும்ப நடக்காதீர்கள். பதினொன்றுக்கு மேல் வண்டிகள் நெருக்கும், பிள்ளைகளும் களைத்திருப்பார்கள். பேசி வைத்த ஆட்டோவிலோ பஸ்ஸிலோ குன்னூர் வந்துவிடுங்கள், 12 கிலோமீட்டர் வாக்கில்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரிகளில் சூடாக வர்க்கி கிடைக்கும். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கும்போது அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோவதானால் காகிதப் பையில் கட்டித் தரச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சமவெளிக் காற்றுப் பட்டால் இரண்டே நாளில் நமுத்துவிடும்.